பிசர்ச் எப்போதும் நல் தருகிறது, அரே வரிசையாகத்தான் இருக்கிறது

கேள்வி – புதுநிரல்

சி-யில் 5000 சொற்களை ஒரு கோப்பிலிருந்து எஃப்ஸ்கேன்எஃப் வைத்துப் படித்து, கேரக்டர் பாயிண்டர் அரேயில் (ஒவ்வொரு உறுப்பும் ஒரு சொல் இருக்கும் முகவரி) போட்டிருக்கிறேன். கியூசார்ட் (qsort) வரிசைப்படுத்தி முடித்ததும் அச்சிட்டுப் பார்த்தேன், அகரவரிசை கச்சிதம். அப்புறம் வரிசையான அரேயில் ஒன்றைத் தேடித் தரும் பிசர்ச்சுக்கு (bsearch) தேடும் சொல், அரே, எண்ணிக்கை, ஒரு உறுப்பின் அளவு, கடைசியில் இரு சொற்களை ஒப்பிடும் ஸ்டர்கம்ப் (strcmp) என்று ஐந்தையும் கொடுத்தால், எந்தச் சொல்லைத் தேடினாலும் நல்தான் (NULL), அதாவது கிடைக்கவில்லை என்கிறது. வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் முனகியது, வகையை வலிய மாற்றும் காஸ்ட் போட்டு வாயை அடைத்துவிட்டேன். சரி, கியூசார்டுக்காக நானே எழுதிய ஒப்பீட்டு ஃபங்ஷனைக் கொடுக்கலாம் என்று பார்த்தால் நிரலே கிராஷ் ஆகிறது. அதே ஃபங்ஷன் அங்கே ஒழுங்காக ஓடுகிறதே, இங்கே என்ன கேடு?

பதில் – சுட்டிப்பைத்தியம்

கம்பைலர் முனகியபோதே காது கொடுத்திருக்கலாம். பிசர்ச் உங்கள் ஃபங்ஷனுக்கு உறுப்பைத் தருவதில்லை, உறுப்பு இருக்கும் முகவரியைத் தருகிறது. உங்கள் உறுப்பே ஒரு பாயிண்டர், ஆகவே வந்து சேர்வது பாயிண்டருக்குப் பாயிண்டர். ஸ்டர்கம்ப்புக்கு அதெல்லாம் தெரியாது, அந்தப் பாயிண்டரின் பைட்டுகளையே எழுத்துகள் என்று நினைத்து உங்கள் சொல்லோடு ஒப்பிடும், பிறகு எங்கே பொருந்துவது!

கிராஷ் இதற்கு நேர்மாறு. உங்கள் ஃபங்ஷன் இரண்டு பக்கமும் பாயிண்டரின் முகவரி வரும் என்று எதிர்பார்க்கிறது, கியூசார்ட் அப்படித்தான் தரும். பிசர்ச்சிலோ தேடும் சொல்லை நீங்கள் நேராகவே கொடுத்திருக்கிறீர்கள். 64 பிட் கணினி என்றால் அந்தச் சொல்லின் முதல் 8 பைட்டை ஒரு முகவரி என்று நம்பி அங்கே போய் எட்டிப்பார்க்கிறது, அங்கே ஒன்றும் கிடையாது. ஃபங்ஷனைத் தொடாதீர்கள், தேடும் சொல்லைச் சுட்டும் பாயிண்டர் மாறிக்கு முன்னால், அதன் முகவரியைத் தரும் ஒரு ஆம்பர்சண்ட் (&) போடுங்கள், போதும்.

பதில் – அரைப்புள்ளி

மேலே சொன்னது சரி. எனக்குப் பிடித்த வழி வேறு. பிசர்ச்சில் முதலில் வருவது எப்போதும் தேடும் பொருள், இரண்டாவது அரேயின் உறுப்பு, இந்த வரிசைக்கு சி தரநிலையே உத்தரவாதம் தருகிறது. ஆகவே இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பத்துப் புலங்கள் உள்ள ஸ்ட்ரக்ட் அரேயில் எண்ணை மட்டும் வைத்துத் தேட, பொய்யாக ஒரு ஸ்ட்ரக்டை நிரப்பிக்கொண்டிருக்காமல் எண்ணின் முகவரியையே கொடுக்கலாம். அந்த ஃபங்ஷனை கியூசார்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அங்கே இரண்டு பக்கமும் உறுப்புகள்தான் வரும், அவ்வளவுதான்.

இண்ட் என்ற முழு எண்களை ஒப்பிடும்போது ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து அனுப்புகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 200 கோடியிலிருந்து மைனஸ் 200 கோடியைக் கழித்தால் 400 கோடி, 32 பிட் இண்ட் 2147483647-ஐத் தாண்டாது. இந்தத் தவறில் ஒருமுறை இரண்டு நாள் போனது எனக்கு.

புதுநிரல்

ஆம்பர்சண்ட் போட்டதும் கிராஷ் போய்விட்டது, நன்றி! ஆனால் நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த சொல் கிடைக்கிறது, எஃப்கெட்ஸ் வைத்துத் தட்டச்சில் வாங்கும் அதே சொல் கிடைக்கவில்லை. இன்னொன்று, ஒரே சொல் மூன்று முறை இருந்தால் எது வரும்?

பதில் – சுட்டிப்பைத்தியம்

வாங்கிய சொல்லை இரண்டு அடைப்புக்குறிகளுக்கு நடுவில் அச்சிட்டுப் பாருங்கள், தெரியும்.

மூன்றில் எது வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. முதலாவதுதான் வேண்டும் என்றால், கிடைத்த இடத்திலிருந்து பின்னோக்கி நடக்கலாம், ஆனால் ஒரே சொல் ஆயிரம் முறை இருந்தால் அது வெட்டி வேலை, பாதிபாதியாகச் சுருக்கித் தேடும் சொந்தத் தேடலைப் பத்து வரியில் எழுதிவிடலாம். இல்லாத சொல்லை எங்கே செருக வேண்டும் என்பதையும் பிசர்ச் சொல்லாது, நல் ஒன்றோடு சரி, அதற்கும் இதே சொந்தத் தேடல்தான். எழுதும்போது நடுப்புள்ளிக்கு இரு முனைகளையும் கூட்டிப் பாதியாக்காதீர்கள், கூட்டுத்தொகை இண்ட் வரம்பைத் தாண்டிவிடலாம், வித்தியாசத்தில் பாதியைக் கீழ்முனையோடு சேருங்கள். ஜாவா நூலகத்திலேயே இந்தக் கூட்டல் பிழை பல வருடம் ஒளிந்திருந்து 2006-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

புதுநிரல்

மூடும் அடைப்புக்குறி அடுத்த வரியில் போய் உட்கார்ந்திருக்கிறது! எஃப்கெட்ஸ் சொல்லின் கடைசியில் விட்டுவைத்த நியூலைனை வெட்டியதும் சொல் கிடைத்துவிட்டது. அந்தக் காஸ்டையும் தூக்கிவிட்டேன், கம்பைலர் இப்போது வாயே திறக்கவில்லை.