பனிக்காலத்தில் வேலை போன கௌபாய் எப்படிச் சாப்பிட்டான்?

கேள்வி:
சின்ன வயதிலிருந்து கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். எதிலும் சம்பளத்தைப் பற்றி ஒரு வரிகூடப் பார்த்த ஞாபகம் இல்லை. 1880களில் அமெரிக்காவில் நிஜமாகவே மாடு ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது, காலம் கெட்டபோது என்ன செய்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
டெக்சாஸில் மாதம் 25லிருந்து 40 டாலர். சாப்பாடும் படுக்க இடமும் பண்ணை கொடுக்கும். வேலைக்கான குதிரைகள் பண்ணையுடையவை, சேணம் மட்டும் அவனுடையது, நல்ல சேணம் வாங்கவே ஒரு மாதச் சம்பளம் போய்விடும். 'சேணத்தை விற்றுவிட்டான்' என்றால் ஆள் முழுக்க நொடித்துப் போனான் என்று அர்த்தம். பெரிய கஷ்டம் என்னவென்றால், வசந்தத்தில் மாடுகளைத் திரட்டிக் கன்றுகளுக்குச் சூடு போடுவதில் தொடங்கும் வேலை, பனி விழ ஆரம்பித்ததும் முடிந்துவிடும். மாடுகள் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ள, பண்ணை எல்லையில் இருந்த குடிசைகளுக்குச் சிலரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். அவர்களில் பலர் பண்ணை பண்ணையாகப் போய், விறகு வெட்டிக் கொடுத்து, வழியில் கேட்ட சேதி சொல்லி, சாப்பிட்டுவிட்டு நகர்வார்கள். இதற்கு 'கிரப் லைன்' என்றே பெயர்.

பதில் 2:
அவர்கள் சும்மா இருக்கவில்லை, வேலைநிறுத்தமே செய்தார்கள். 1883இல் டெக்சாஸின் வடகோடியான பான்ஹேண்டில் பகுதியில், வசந்தகால வேலை தொடங்கும் நேரம் பார்த்து, மாதம் 50 டாலருக்குக் குறைந்தால் வேலை செய்ய மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், நல்ல சமையல்காரனுக்கும் அதே 50 என்று சேர்த்தே கேட்டார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சம்பளம் மட்டும் காரணமில்லை. முன்பெல்லாம் வேலையாள் நாலு மாடு சொந்தமாக வைத்துக்கொள்ளலாம், பண்ணைகள் பெரிய கம்பெனிகள் கைக்குப் போன பிறகு அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
கிடைத்ததா?

பதில் 2:
இல்லை. வேலை தேடி வந்தவர்கள் நிறைய, அவர்களை வைத்து வேலையை நடத்திக்கொண்டார்கள். கையிருப்பு கரைந்ததும், சுமார் இரண்டரை மாதத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

பதில் 3:
அதைவிடப் பெரிய அடி 1886-87 பனிக்காலம். கோடையிலேயே மழை இல்லை, அளவுக்கு மீறி மாடுகளை விட்டதால் புல்லும் இல்லை, அப்புறம் ஜனவரியில் பனிப்புயல். வடக்குச் சமவெளியில் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. மொண்டானாவில் ஒரு பண்ணை முதலாளி மந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, அங்கே வேலை பார்த்த சார்லஸ் ரஸ்ஸல் எலும்பும் தோலுமான ஒரு மாட்டையும், அது விழட்டும் என்று காத்திருக்கும் ஓநாய்களையும் சின்ன அட்டையில் வரைந்து கொடுத்தார், அதுவே பதிலாகப் போனது. பின்னாளில் பெரிய ஓவியரானவர் அவர்தான். முதலாளிகள் நொடித்தார்கள், ஆட்களுக்கு வேலை போனது. தப்பித்த பண்ணைகள் இனிப் பனிக்காலத்துக்குத் தீவனம் சேர்த்தே ஆகவேண்டும் என்று புரிந்துகொண்டன. குதிரையை விட்டு இறங்கிச் செய்யும் வேலையை மதிக்காத மனிதர்கள், வைக்கோலுக்குப் புல் அறுக்கவும் வேலிக்குக் குழி தோண்டவும் போனார்கள்.