பாஸ்பேட் 0.34ல நிக்குது, தண்ணி மாத்தினா இறங்குது, திரும்ப ஏறிடுது

உப்புத்தண்ணி_சென்னை:
எல்லாருக்கும் வணக்கம். நாலடி கடல்தண்ணி மீன் டேங்க், கீழ சம்ப் (ஃபில்டர் தொட்டி), நுரையோட அழுக்கை எடுக்கிற ஸ்கிம்மர் ஓடுது. சாஃப்ட் கோரல் (மென்பவளம்) மட்டும்தான், சோவா, மஷ்ரூம், ஒரு பெரிய லெதர். மீன் ஒரு ஜோடி கிளவுன், ஒரு யெல்லோ டாங். தண்ணி டெஸ்ட் பண்ற ஹானா செக்கர்ல, பாசிக்குச் சத்தாகுற பாஸ்பேட் 0.34 பிபிஎம் காட்டுது, நைட்ரேட் 10 பிபிஎம் கிட்ட. 20% தண்ணி மாத்தினா 0.27க்கு வருது, அடுத்த வாரம் பார்த்தா பழையபடி 0.33. தீனியும் பாதியா குறைச்சாச்சு. பாறை மேல முடி மாதிரி பாசி, பிச்சு எடுக்க எடுக்க வருது. கடைக்காரர் பாஸ்பேட்டைப் பிடிக்கிற லாந்தனம் மருந்து ஊத்துங்க ஒரே நாள்ல ஜீரோ ஆயிடும்னு பாட்டில நீட்டுறாரு. ஊத்தலாமா?

சம்ப்_ராஜா:
ப்ரோ முதல்ல அந்த செக்கர் எது? 736 மாடல்னா அது காட்டுறது பாஸ்பரஸ், பிபிபில (நூறு கோடில ஒரு பங்கு) வரும், அதை 3.066ஆல பெருக்கி ஆயிரத்தால வகுத்தாதான் பாஸ்பேட் பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு). 774னா நேரா பிபிஎம்லயே வரும். ரெண்டையும் குழப்பிக்கிட்டு மருந்து ஊத்துறவங்க நிறைய பேரு. குப்பியை நல்லா துடைச்சு வைங்க, விரல் ரேகை, உள்ள ஒட்டியிருக்கிற குமிழி, கரையாத பவுடர் எதுவா இருந்தாலும் ரீடிங் ஏறும். அப்புறம் புதுசா கலக்கின உப்புத்தண்ணியையும் டெஸ்ட் பண்ணுங்க, வீட்டு ஆர்ஓ மட்டும் போதாது, பின்னாடி மிச்ச உப்பையும் பிடிக்கிற டிஐ ரெசின் வேணும், டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்பு அளவு) ஜீரோ வரணும்.

உப்புத்தண்ணி_சென்னை:
774தாங்க. புதுத் தண்ணி 0.00. பாறை வந்து ஒருத்தர் டேங்கை மூடினப்ப வாங்கினது, காஞ்ச பாறை, கழுவிட்டு அப்படியே போட்டேன்.

சிங்கை_ரீஃபர்:
அங்கதான் இருக்கு விஷயம். பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட், பாஸ்பேட் அதோட மேல்பரப்புல ஒட்டிக்கும். தண்ணில பாஸ்பேட் குறைஞ்சா பாறை விட்டுக்கொடுக்கும், கூடினா இழுத்துக்கும். நீங்க மாத்துறது தண்ணிய, சரக்கு இருக்கிறது பாறைல, அப்புறம் எப்படி இறங்கும்? சந்தேகம்னா கையளவு பாறை ஒண்ணை எடுத்து பாசியை பிரஷ்ல தேய்ச்சு எடுத்துட்டு, புதுத் தண்ணி ஊத்தின பக்கெட்ல ஒரு சின்ன பம்ப்போட நாலஞ்சு நாள் விட்டு டெஸ்ட் பண்ணுங்க. ஏறியிருந்தா அதுதான்.

லாந்தனம் வேலை செய்யும், இல்லன்னு சொல்லல. ஆனா பாஸ்பேட்டோட சேர்ந்து வெள்ளைத் தூளா படியும், அந்தத் தூள் டேங்குக்குள்ள சுத்தினா டாங் மூச்சு வாங்கும், செத்துப்போனதா சொல்றவங்க நிறைய. பண்றதா இருந்தா ஆர்ஓ தண்ணில நல்லா கலக்கி, 5 அல்லது 10 மைக்ரான் ஃபில்டர் பைக்குள்ள சொட்டுச் சொட்டா விடணும், ஸ்கிம்மர் ஓடணும், அந்தப் பையை உடனே கழட்டி மாத்தணும். பாட்டில்ல இருந்து நேரா ஊத்துறது வேண்டவே வேண்டாம், அதுவும் டாங் வச்சுக்கிட்டு.

ஜிஎஃப்ஓ_மாமா:
தம்பி, ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை இழுக்கிற இரும்பு ஆக்சைடு மணி) போடுங்க, பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுல பாதி. பழுப்புத் தண்ணி போற வரைக்கும் ஆர்ஓ தண்ணில அலசிட்டு ரியாக்டர்ல (உள்ள தண்ணி ஓடுற குடுவை) போடுங்க. மணிகள் மேல்பக்கம் லேசா அசைஞ்சா போதும், குழம்பு கொதிக்கிற மாதிரி சுத்தவிட்டா அரைஞ்சு தூளாயிடும். ரியாக்டர் இல்லன்னா பையில கட்டி சம்ப்ல ஓட்டம் இருக்கிற இடத்துல போடலாம், கொஞ்சம் மெதுவா இழுக்கும் அவ்வளவுதான். வெளிய வர்ற தண்ணியும் டேங்க் தண்ணியும் ஒரே ரீடிங் வந்துட்டா மாத்திடுங்க. ஆல்கலினிட்டி (காரத்தன்மை) மேல ஒரு கண்ணு இருக்கட்டும், சிலருக்கு அதுவும் சேர்ந்து இறங்குது. பாறை விட்டுக்கிட்டே இருக்கும், மாசக்கணக்குல ஆகும், அதுக்காக அளவைக் கூட்டாதீங்க.

சோவா_பைத்தியம்:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். 0.3ல கோரல் ஜம்முனு இருக்கிற டேங்க் எத்தனையோ உண்டு, சாஃப்ட் கோரலுக்கு அது பெரிய பிரச்சினையே இல்ல. பாசிதான் தொல்லைன்னா டர்போ நத்தை விடுங்க, சம்ப்ல லைட் போட்டு சீட்டோ (சத்தை உறிஞ்சுற கடல்பாசி) வளர்த்து மாசாமாசம் அறுத்து வெளிய போடுங்க. சீட்டோவுக்கு நைட்ரேட்டும் வேணும், உங்களுக்கு 10 இருக்கு, பிரச்சினை இல்ல. ஜீரோவுக்கு மட்டும் கொண்டு போயிடாதீங்க, அப்புறம் டைனோங்கிற நுண்ணுயிர் வந்து பழுப்புச் சளி மாதிரி குமிழியோட மணல் மேல படரும், அதுக்கு இந்தப் பாசி எவ்வளவோ மேல்.

சிங்கை_ரீஃபர்:
ஜீரோ விஷயத்துல சோவா சொல்றது சரி. 0.1 பக்கம் வந்தா நிறுத்திக்கலாம், 0.03க்குக் கீழ போகவே வேண்டாம். அந்த செக்கரே 0.02 முன்னபின்ன காட்டும், 0.00னு வந்தா நிஜமாவே காலியா இல்லையான்னு சொல்ல முடியாது. வேகமும் முக்கியம், எங்க ஊர்ல அக்ரோபோரா (கல் பவளம்) வச்சிருக்கிறவங்க ஒரே வாரத்துல 0.3ல இருந்து அடிமட்டத்துக்கு இறக்கி, பவளம் அடில இருந்து தோல் உரிஞ்சு நிக்கிறதைப் பார்த்திருக்கேன்.

உப்புத்தண்ணி_சென்னை:
பக்கெட் டெஸ்ட் பண்ணியாச்சுங்க, 0.00ல இருந்தது 0.19. லாந்தனம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், மாமா சொன்ன பாதி அளவு ஜிஎஃப்ஓ பையில கட்டிப் போட்டிருக்கேன். சம்ப்ல சீட்டோவுக்கு எந்த லைட் போடலாம், சாதா 6500 கெல்வின் எல்இடி பல்பு போதுமா?

ஜிஎஃப்ஓ_மாமா:
தாராளமா போதும். ராத்திரில எரியவிடுங்க, பிஎச் இறங்குறதும் கொஞ்சம் குறையும். உப்புத் தெறிக்காத இடமா பார்த்து மாட்டுங்க.