ரப்பர் மரத்துக்கு கார்பன் கிரெடிட் தாறோம்னு ஆள் வந்திருக்கு, நம்பலாமா?

அருமனைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அருமனை பக்கம் அப்பாக்க பேர்ல ஒரு ஏக்கர் ரப்பர் கெடக்கு, பால் வெட்டத் தொடங்கி பத்து வருஷம் தாண்டியாச்சு. போன வாரம் ஒரு ஆள் பைலும் கையுமா வந்து, கவர்மெண்ட் புதுச் சட்டம் கொண்டு வந்திருக்கு, கம்பெனிக்காரன் எல்லாம் கார்பனை குறைச்சே ஆகணும், முடியாதவன் மரம் வச்சிருக்கவங்ககிட்ட கிரெடிட், அதாவது கார்பன் குறைச்சதுக்கான சான்று, வாங்கணும், தோட்டத்தைப் பதிஞ்சா வருஷா வருஷம் பணம் வரும்னு சொன்னாரு. பதிவுக் கட்டணம் முதல்லயே கட்டணுமாம், தீர்வை ரசீதும் ஆதார் காப்பியும் வேணுமாம். கலிஃபோர்னியால இருக்க அத்தான்கிட்ட கேட்டா, ஆமா இங்க அப்படி ஒண்ணு இருக்கு, காடு வச்சிருக்கவனுக்கு பணம் போகுதுன்னு அவரும் சொல்லுகாரு. அப்ப அது இங்கயும் வந்தாச்சா? தமிழ்நாட்டுக்குன்னு தனி இலக்கு ஏதும் உண்டா? அப்பா கையெழுத்து போட ரெடியா நிக்காரு.

தக்கலை எஞ்சினியர்:
முதல்ல அப்பாகிட்ட இருந்து பேனாவை வாங்கி வைங்க.

சட்டம் வந்தது உண்மைதான். 2022ல எரிசக்தி சேமிப்புச் சட்டத்தைத் திருத்தினாங்க, 2023ல கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அறிவிச்சாங்க, 2025 அக்டோபர்ல சிமெண்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின் செய்யுறது) ஆலைகளுக்கு ஆலைவாரியா இலக்கு வந்துது. ஆனா அது மொத்தமா இவ்வளவுதான் விடலாம்ங்கிற இலக்கு இல்ல, ஒரு டன் சரக்கு செய்ய இவ்வளவு வாயுதான் போகலாம்ங்கிற கணக்கு. உற்பத்தி கூடினா மொத்தம் கூடத்தான் செய்யும், அதைக் கேக்க ஆளில்ல. இலக்கைவிட நல்லா செஞ்ச ஆலைக்கு கிரெடிட் கிடைக்கும், தவறினவன் அதை வாங்கணும். ஆலைக்கும் ஆலைக்கும் நடுவுல நடக்க யாவாரம், ரப்பருக்கு அங்க வேலையில்ல.

அதுக்கு வெளிய ஆஃப்செட்னு ஒரு வழி இருக்கு, இலக்கு இல்லாத ஆளும் தானா முன்வந்து குறைச்சு கிரெடிட் வாங்குறது. 2025 மார்ச்ல ஒப்புதலான முறைகள்ல அலையாத்தி காடு நடுறது உண்டு. மணக்குடி காயல்ல புதுசா நட்டா பேசிப் பாக்கலாம். உங்களுக்கு மரம் ஏற்கெனவே நிக்கி, இந்தப் பணம் வந்தாலும் வராட்டியும் நிக்கும், அதனால கூடுதலா என்ன குறைஞ்சுதுன்னு கேட்டா ஒண்ணும் காட்ட முடியாதுல்லா. எல்லாத் திட்டத்துலயும் முதல் கேள்வியே அதுதான்.

நாரோயில் டூ சான்ஹோசே:
அத்தான் சொன்னது பாதி சரி. இங்க கலிஃபோர்னியால 2006லயே ஏ.பி. 32ன்னு சட்டம் போட்டு, 2020க்குள்ள 1990ல இருந்த அளவுக்கு இறக்கணும்னு சொன்னாங்க, 2016லயே இறங்கிட்டு. அடுத்தது 2030க்குள்ள 1990 அளவைவிட 40 சதவீதம் குறைவு, பொறவு 2022ல வந்த சட்டப்படி 2045க்குள்ள 85 சதவீதம் குறைவு. வருஷத்துக்கு 25,000 டன்னும் அதுக்கு மேலயும் விடுற ஆலை எல்லாம் பெர்மிட் வச்சிருக்கணும், அந்த மொத்த பெர்மிட்டை வருஷா வருஷம் குறைச்சுட்டே வருவாங்க. இது மொத்த அளவுக்கே பூட்டு.

காட்டுக்காரனுக்கு பணம் போகுதுதான், ஆனா 2021லேருந்து 2025 வரைக்கும் ஒரு கம்பெனி தனக்க கணக்குல 4 சதவீதம்தான் ஆஃப்செட் காட்ட முடிஞ்சுது. காடு அமெரிக்காக்குள்ள இருக்கணும், கிரெடிட் குடுத்து 100 வருஷத்துக்கு அந்த கார்பன் மரத்துலயே நிக்கணும். நாம இருபத்தஞ்சு முப்பது வருஷத்துல மிச்சப் பாலையும் எடுக்க கடைசியா கடும்வெட்டு வெட்டி, மரத்தை முறிச்சு லாரில ஏத்திருவோம், பொறவு எங்க 100 வருஷம்?

முப்பந்தல் காத்து:
தமிழ்நாட்டு இலக்கு பத்தி யாரும் சொல்லல. விடுற வாயுவும் உறிஞ்சுற வாயுவும் சமமாகிற கார்பன் சமநிலைக்கு நாடு 2070ல வருவோம்னு சொல்லிருக்கு, தமிழ்நாடு அதுக்கு முன்னாடியே வருவோம்னு சொல்லிருக்கு, காலநிலை மாற்ற இயக்கம், பசுமை காலநிலை நிறுவனம் எல்லாம் தொடங்கியாச்சு. களியக்காவிளை தாண்டினா கேரளாக்காரன் 2050ன்னு சொல்லுகான். ஆனா தவறினா அபராதம்னு கலிஃபோர்னியா மாதிரி சட்டசபைல பாஸ் பண்ணின சட்டம் ரெண்டு பக்கமும் இல்ல, அறிவிப்போட நிக்கி. எனக்கு இதுலதான் கடுப்பு. ஆரல்வாய்மொழி கணவாய்ல இவ்வளவு காத்து, அதுல பழைய சின்ன காத்தாடியைக் கழட்டி பெருசு வைக்கணும்னு கொள்கை வர 2024 ஆச்சு.

கிரெடிட் கதையும் நமக்கு புதுசில்ல. க்யோட்டோங்கிற உலக காலநிலை ஒப்பந்த காலத்துல தமிழ்நாட்டு காத்தாடிக்கு கிரெடிட் கிடைச்சுது, 2012ல ஒரு டன் விலை ஒரு யூரோவுக்கும் கீழ போச்சு. வருஷா வருஷம் பணம்னு எவனும் உறுதி சொல்ல முடியாது.

குளச்சல் வள்ளம்:
எங்க வள்ளத்து எஞ்சினுக்கும் இலக்கு வருமாடே? மண்ணெண்ணெய் கிடைக்கவே மாட்டேங்குது, அந்த வகையில நாங்க குறைச்சாச்சு, கிரெடிட் யாருகிட்ட கேக்கணும்?

அருமனைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பைலோட வந்த ஆள்கிட்ட போன்ல கேட்டேன், இது கவர்மெண்ட் திட்டம் இல்ல, வாலண்டரி மார்க்கெட்னு இப்ப மாத்திச் சொல்லுகாரு. அப்படி ஒண்ணு உண்டா?

தக்கலை எஞ்சினியர்:
உண்டு, சட்டம் கட்டாயப்படுத்தாம கம்பெனிக்காரன் தானா கிரெடிட் வாங்குற சந்தை அது, எல்லாம் ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். வெர்ரா மாதிரி தனியார் பதிவேடு இருக்கு, அதுல பதிஞ்ச திட்டம் எல்லாம் இணையத்துல யாரும் பாக்கலாம். திட்டத்துக்க நம்பரைக் கேளுங்க, தேடிப் பாருங்க. ஒரு ஏக்கரை தனியா யாரும் அளக்க வரமாட்டான், செலவு கட்டாது, நூத்துக்கணக்கான ஆளைச் சேத்துத்தான் பண்ணுவான். அதுனால எத்தனை வருஷம் மரம் வெட்டக்கூடாது, நடுவுல தோட்டத்தை வித்தா என்ன ஆகும்ங்கது ஒப்பந்தத்துல தமிழ்ல எழுதி கேளுங்க, ரப்பர் வாரிய பீல்டு ஆபீசர்கிட்டயும் ஒரு வாட்டி காட்டுங்க. முன்பணம் மட்டும் வேண்டாம், கிரெடிட் வித்த பொறவு அதுல கழிச்சுக்கச் சொல்லுங்க.

அருமனைக்காரன்:
நம்பர் கேட்டிருக்கேன். அப்பாவுக்கு கோபம்தான், ஆதார் காப்பியை என் பீரோல வச்சு பூட்டியாச்சு.