ஷார்ப்வில்: மார்ச் 21 போராட்டத்துக்கு அழைத்தது யார்?

பேட்டை முத்து
காலையில் இந்தக் குழுவைத் திறந்ததும் ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் பற்றிக் கரிசல்காட்டான் ஒரு பதிவு போட்டிருக்கிறார், அதற்கு ஆளாளுக்கு லைக் வேறு. "மண்டேலாவின் அறைகூவலை ஏற்று 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் மக்கள் திரண்டார்கள், வெள்ளை அரசின் போலீஸ் 69 பேரைச் சுட்டுக் கொன்றது" என்று. தேதி சரி, 69 என்பது அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு. ஆனால் மண்டேலா எங்கிருந்து வந்தார்? அன்றைய போராட்டத்துக்கு அழைத்தது பான் ஆப்பிரிக்கானிஸ்ட் காங்கிரஸ், அதாவது பிஏசி. தலைவர் ராபர்ட் சொபுக்வே. மண்டேலா இருந்தது ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸில், அதாவது ஏஎன்சியில், அது வேறு கட்சி. பதிவுக்கு மேலே மண்டேலா பாஸ் புத்தகத்தை, அதாவது கறுப்பர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகத்தை, எரிக்கிற படம் ஒன்று. அது எடுத்தது மார்ச் 28, துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு வாரம் கழித்து, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஓர்லாண்டோவில். செத்தவர்கள் ஒரு கட்சி கூப்பிட்டு வந்தவர்கள், படத்தில் நிற்பவர் இன்னொரு கட்சிக்காரர். நல்லா இருக்கே கதை.

கரிசல்காட்டான்
முத்து சார், உங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், இல்லாவிட்டால் அதற்கும் தனியாக ஒரு பதிவு போடுவீர்கள். பாஸ் சட்டத்தை எதிர்த்துப் போராடுவது என்று ஏஎன்சி 1959 டிசம்பரில் டர்பன் மாநாட்டிலேயே முடிவு செய்துவிட்டது. தேதியும் குறித்தார்கள், 1960 மார்ச் 31. அதைத் தெரிந்துகொண்டு பத்து நாள் முந்திக்கொண்டது உங்கள் பிஏசி. அப்போது அந்தக் கட்சிக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. ஒருத்தன் சமைக்க, இன்னொருத்தன் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்த கதை. மண்டேலா பெயரைச் சொன்னால் என்ன குடி முழுகிவிட்டது?

பேட்டை முத்து
அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குப் பரிமாறியது முதுகில் குண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஓடும்போதுதான் பட்டது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் பேசக்கூடாது. பாஸ் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வா, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நில், "என்னிடம் பாஸ் இல்லை, கைது செய்" என்று சொல். அவ்வளவுதான் திட்டம். சிறை நிரம்பட்டும், வேலைக்கு ஆள் இல்லாமல் முதலாளி தவிக்கட்டும். கல் எடுக்கக்கூடாது என்று கட்டளை. சொபுக்வே போலீஸ் கமிஷனருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதினார், இது அமைதிப் போராட்டம், உங்கள் ஆட்கள் ஆத்திரமூட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மொழி கற்பித்துக்கொண்டிருந்த மனிதர், வேலையை ராஜினாமா செய்துவிட்டு விடிகாலையில் வீட்டிலிருந்து நடந்தே ஓர்லாண்டோ ஸ்டேஷனுக்குப் போய்க் கைதானார். ஷார்ப்வில்லில் கூட்டத்துக்கு முன்னால் நின்றது ந்யகானே த்சோலோ, அவரும் பிஏசி. தலைக்கு மேலே தாழப் பறந்து போர் விமானங்கள் பயமுறுத்தின, கூட்டம் கலையவில்லை. அப்புறம்தான் சுட்டார்கள். சுடச் சொல்லி நான் உத்தரவே போடவில்லை என்றார் பொறுப்பில் இருந்த அதிகாரி.

கலந்துகொள்ளச் சொல்லி ஏஎன்சிக்கும் அழைப்பு போனது. முடியாது என்று பதில் எழுதினார்கள். வர மறுத்த கட்சிதான் அழைத்தது என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்? மறுபடியும் கேட்கிறேன்: மார்ச் 21 போராட்டத்துக்கு அழைத்தது யார்?

சுண்டல் சுப்பு
நான் அழைக்கவில்லை சார், சத்தியமாக.

டர்பன் பேரன்
இரண்டு பேரும் ஏதோ 1960இல்தான் எல்லாம் தொடங்கியது மாதிரி பேசுகிறீர்கள். எங்கள் தாத்தா வழி டர்பன், பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம், கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன கூட்டம். இந்தியர்கள் இங்கேதான் நிலம் வாங்கலாம், இங்கேதான் குடியிருக்கலாம் என்று 1946இல் சட்டம் கொண்டுவந்தபோது டர்பனில் காலி இடத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்து சிறைக்குப் போனவர்கள் சுமார் 2,000 பேர். தலைமை டாக்டர் மாண்ட்டி நாயக்கர், நம்ம ஆள். 1947இல் அவரும் இன்னொரு இந்தியத் தலைவர் டாக்டர் தாதூவும் ஏஎன்சி தலைவர் டாக்டர் சூமாவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் இந்தியர்களும் கறுப்பர்களும் ஒன்றாகப் போராடும் பழக்கமே வந்தது. 1952இல் சட்டமறுப்புப் போராட்டம், கைதானவர்கள் 8,000 பேருக்கு மேல். முத்து அண்ணன் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற பிஏசி அந்தக் கூட்டணி பிடிக்காமல் பிரிந்து போனது. ஆரம்பத்தில் எங்களை மாதிரி ஆட்களை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. அதையும் எழுதுங்கள்.

பேட்டை முத்து
தம்பி, உங்கள் தாத்தாவுக்கு என் மரியாதை. ஆனால் இதற்கும் மார்ச் 21க்கும் என்ன சம்பந்தம்? சேர்க்கவில்லை, சரி. மனித இனம் என்று ஒரே ஒரு இனம்தான் உண்டு என்று பேசினதும் அதே சொபுக்வேதான். அதை விடுங்கள். அழைத்தது யார், அதுதான் கேள்வி.

மல்லிகா
ஆண்கள் இரண்டு கட்சிக்காக அடித்துக்கொள்கிற இடத்தில் ஒரு வரிகூட பெண்கள் வரவில்லை. பெண்களுக்கும் பாஸ் கொண்டுவரப் பார்த்தபோது 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகமான யூனியன் கட்டடத்துக்கே போனார்கள். லில்லியன் ங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹீமா மூசா, சோபியா வில்லியம்ஸ், இந்த நாலு பேரும் முன்னால். முதுகில் கைக்குழந்தையோடு வந்தவர்கள் எத்தனையோ. பிரதமர் ஸ்ட்ரைடம் முகம் காட்டவில்லை, மனுக்கட்டுகளை அவர் அலுவலக வாசலில் குவித்துவிட்டு அரை மணி நேரம் வாய் திறக்காமல் நின்றார்கள், அந்த வெயிலில், அவ்வளவு கூட்டமும். பாஸ் எதிர்ப்பை யார் தொடங்கினார் என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இதையும் கொஞ்சம் படிக்கலாம்.

பேட்டை முத்து
அம்மா, அருமையான தகவல், ஆனால் அது 1956. நாம் பேசுவது 1960.

மல்லிகா
என்னை அம்மா என்று கூப்பிட வேண்டாம், உங்களைவிட எனக்கு வயது குறைவாகத்தான் இருக்கும். போன மாதம் வைக்கம் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், நான் சொன்னதை "அருமை" என்று தட்டிக்கொடுத்துவிட்டுக் கழட்டிவிட்டீர்கள்.

கரிசல்காட்டான்
அவர் யாரைத்தான் மதித்தார்? சரி சார், உங்கள் வழிக்கே வருகிறேன். ஷார்ப்வில்லுக்கு அப்புறம் நாட்டையே நடத்தியது யார்? 26ஆம் தேதி பாஸை எரித்து எல்லாரையும் எரிக்கச் சொன்னது ஏஎன்சி தலைவர் லுத்தூலி. 28ஆம் தேதி துக்க நாள், வேலைக்குப் போகாதே என்று சொன்னதும் லுத்தூலி. அந்தப் படம் அந்த நாளுடையது, தெரிந்துதான் போட்டேன். 1961 டிசம்பரில் ஆயுதப் பிரிவு ஆரம்பித்தது மண்டேலா. 27 வருடம் உள்ளே இருந்தது மண்டேலா. 1994 தேர்தலில் ஏஎன்சி வாங்கியது 62 சதவீதத்துக்கு மேல். உங்கள் பிஏசி 1.25. மக்களுக்குத் தெரியும் சார் யார் போராடினார்கள் என்று. அந்த பிஏசியின் ஆயுதக் கும்பல் 1993இல் கேப் டவுனில் சர்ச்சுக்குள் புகுந்து வழிபாட்டில் இருந்தவர்களைச் சுட்டதே, அதைப் பற்றியும் நாலு பத்தி எழுதுங்கள் பார்ப்போம்.

பேட்டை முத்து
வந்துவிட்டார் ஓட்டுக் கணக்கோடு. 1994இல் ஓட்டு வாங்கினால் 1960இல் அழைத்ததாக ஆகிவிடுமா? 1993இல் செய்தது படுபாதகம், அதை யாரும் நியாயப்படுத்தவில்லை. அப்போது சொபுக்வே செத்து 15 வருடம். டயரைக் கழுத்தில் மாட்டிக் கொளுத்தினார்களே ஆட்களை, அது எந்தக் கட்சிக் கொடி பிடித்தவர்கள் என்று நானும் ஆரம்பிக்கட்டுமா?

27 வருடம் என்கிறீர்கள். சொபுக்வேக்கு நீதிமன்றம் கொடுத்தது 3 வருடம். 1963இல் அது முடிகிற நேரத்தில், அவரை வெளியே விடக்கூடாது என்பதற்காகவே நாடாளுமன்றத்தில் ஒரு சட்டப்பிரிவு கொண்டுவந்தார்கள், அதற்கு ஊரே வைத்த பெயர் சொபுக்வே பிரிவு. வருடா வருடம் அதைப் புதுப்பித்து ராபன் தீவுச் சிறையில் இன்னும் 6 வருடம், விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது. தனி வீடு, மற்ற கைதிகளோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. கைதிகள் வேலைக்கு வரிசையாகப் போகும்போது இவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, விரலிடுக்கில் வழியவிடுவாராம். நாம் இந்த மண்ணின் பிள்ளைகள் என்று அர்த்தம். 1969இல் விட்டார்கள், கிம்பர்லியில் வீட்டோடு கட்டிப்போட்டார்கள். 1978இல் நுரையீரல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அந்த மனிதருடைய ஒரே ஒரு நாளையும் பிடுங்கி மண்டேலா கணக்கில் எழுதுகிறீர்கள்.

இன்னொன்று. மார்ச் 30 அன்று கேப் டவுனில் 30,000 பேரைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குள் நடந்தான் ஃபிலிப் கொசானா. வயது 23, அரை நிக்கர் போட்ட கல்லூரி மாணவன், பிஏசி. கூட்டத்தைக் கலைத்தால் இன்றைக்கே மந்திரியைப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன் என்றார் போலீஸ் அதிகாரி. நம்பினான், ஒரு கல் விழாமல் அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினான். சாயங்காலம் மந்திரியைப் பார்க்க வந்தவனைக் கைது செய்தார்கள். அன்றைக்கே அவசரநிலை. ஏப்ரல் 8இல் இரண்டு கட்சிக்கும் தடை. இது எதற்காவது படம் போட்டீர்களா?

நிதானம் நாராயணன்
நண்பர்களே, இரண்டு கட்சியுமே ஒரே எதிரியோடுதானே மோதின? ஐநாவே 1966இல் அந்த நாளை இன ஒதுக்கலுக்கு எதிரான நாளாக அறிவித்தது. கட்சி பார்க்காமல் எல்லாரும் சேர்ந்து அஞ்சலி செலுத்தலாமே.

பேட்டை முத்து
நாராயணன் சார், உங்கள் நிதானத்தால்தான் இந்தக் குழுவே இப்படி ஆனது. ஆளே மாறிப்போன அஞ்சலி எதற்கு?

டர்பன் பேரன்
அஞ்சலி என்றால் நம்ம ஆட்கள் பெயரும் வரட்டும். 1963இல் ஏஎன்சியின் ஆயுதப் பிரிவில் பிடிபட்டு ராபன் தீவில் 10 வருடம் இருந்த இந்த்ரெஸ் நாயுடு, காந்தியோடு சிறை போன தம்பி நாயுடுவின் பேரன். தமிழ்க் குழுவில் அவர் பெயர் இவ்வளவு நேரம் வரவே இல்லை.

சுண்டல் சுப்பு
1974 டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டியில் தென்னாப்பிரிக்காவோடு ஆடமாட்டோம் என்று கோப்பையையே விட்டுக்கொடுத்தது இந்தியா. நம்ம மெட்ராஸ் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி. அதுவும் போராட்டம்தான்.

கரிசல்காட்டான்
நிறவெறி எதிர்ப்பை டென்னிஸ் மட்டையில் கொண்டுவந்து நிறுத்தியாச்சா? விட்டுக்கொடுக்கச் சொன்னது டெல்லி, ஆடினவர்கள் இல்லை.

சுண்டல் சுப்பு
அண்ணே, கையில் வந்த கோப்பையை விட்டவனுக்குத்தான் வலி தெரியும். மீம் மட்டும் போடுகிறவனுக்குத் தெரியாது.

கரிசல்காட்டான்
யாரைச் சொல்கிறாய்? தேர்தல் நேரத்தில் நீ போட்ட மீம்களை எடுத்துப் போடவா?

பேட்டை முத்து
டென்னிஸுக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். கரிசல், பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது, படமும் இருக்கிறது. சொபுக்வே பற்றி நாளைக்குத் தொடர் ஆரம்பிக்கிறேன், ஐந்து பாகம் வரும்.

கரிசல்காட்டான்
பதிவை எடுக்கமாட்டேன். ஐந்து பாகத்துக்கும் கீழே வந்து மார்ச் 31 என்று எழுதுவேன்.

மல்லிகா
ஐந்து பாகத்தில் பெண்கள் எத்தனையாவது பாகத்தில் வருவார்கள்?