2^67 − 1: இருக்கும் காரணி என் நிரலில் அகப்படவில்லை

2^67 − 1, அதாவது 147573952589676412927, பகா எண் அன்று என்று 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா நிறுவினார்; 193707721 × 761838257287 எனும் அதன் காரணிகளை 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் பிராங்க் நெல்சன் கோல் வெளியிட்டார். அந்தச் சிறிய காரணியை நானே தேடிக் காண வேண்டும் என்று மூன்று வாரங்களாக முயன்றும் முடியவில்லை.

நிரல் சி மொழியில் உள்ளது. காரணி எதுவாயினும் 134k + 1 வடிவில் இருந்தாக வேண்டும் என்பதால் அவ்வெண்களை மட்டும் 20 கோடி வரை வகுத்துப் பார்த்தேன்; k = 1445580 ஆகும்போது 193707721 வந்தும், மீதி பூச்சியமாகவில்லை. வகுக்கப்படும் எண்ணை அச்சிட்டபோதுதான் கடைசி இலக்கம் 7-க்குப் பதிலாக 8 என்று இருப்பதைக் கண்டேன். அதைச் சேமித்திருந்த டபுள் (double, பதின்ம எண்களுக்கான வகை) மாறியில் 53 பிட்டுகளே துல்லியமாக நிற்பதால் அது 2^67 ஆகிவிட்டது. இரண்டின் அடுக்கை 1 தவிர வேறு எந்த ஒற்றைப்படை எண்ணும் மீதியின்றி வகுக்காதே! 64 பிட் முழு எண் வகைக்கு மாற்றினேன், அதிலும் இவ்வெண் அடங்கவில்லை. பேரெண் நூலகங்களைப் பயன்படுத்தினால் விடை வரும், ஆனால் கணக்கு நடக்கும் விதம் எனக்குப் புரிய வேண்டும்.

முழு எண்ணையும் எங்கும் சேமிக்காமல், 64 பிட்டுக்குள்ளேயே 2^67 − 1-ஐ 193707721-ஆல் வகுத்து மீதியைக் காண்பது எப்படி?