ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட்ல பார்பிக்யூ, வானிலை அறிவிப்புல எதப் பாத்து முடிவு பண்றது?

பாசிர்ரிஸ்_மலர்:
வணக்கம் எல்லாருக்கும். வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல பார்பிக்யூ பிட் (கரி அடுப்பு இடம்) புக் பண்ணியிருக்கோம், அண்ணன் பையனுக்கு பர்த்டே, மாமியார் வீட்டு ஆளுங்களும் வர்றாங்க. வானிலை ஆப்பைத் திறந்தா நாலு நாளைக்கும் அதே இடி மேகப் படம்தான். குடும்ப வாட்ஸாப் குரூப்ல ஒருத்தர் எப்பவோ எடுத்த ரேடார் படத்தப் போட்டு பயமுறுத்துறார், இன்னொருத்தர் வெயில் கொளுத்தும் பாருங்கிறார். 2 மணி நேரம், 24 மணி நேரம், 4 நாள்னு தனித்தனியா வேற போடறாங்க, எத எப்ப பாக்கணும்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

மேகவேடிக்கை:
4 நாள் படம் தீவு முழுசுக்கும் சேத்துப் போடறது சிஸ். இப்ப அக்டோபர், ரெண்டு பருவக்காத்துக்கும் இடைப்பட்ட காலம், காத்து பலமா இருக்காது, காலையில இருந்து தரை சூடேறி கடல் காத்தும் வந்து மோதினா மதியத்துக்கு மேல எங்கயாவது ஒரு இடத்துல மேகம் கட்டிரும். எங்கயோ ஒரு இடத்துல பெய்ய வாய்ப்பு ஜாஸ்தி, அது மேற்க ஜூரோங்கா கிழக்க பிடோக்கான்னு நாலு நாளைக்கு முன்னாடி எவனாலயும் சொல்ல முடியாது, ஒரு மேகம் உருவாகி கொட்டிக் கரையவே ஒரு மணி நேரம்தான் ஆகும். அதனால இப்போதைக்கு அந்தப் படத்த வச்சு கேன்சல் பண்ணாதீங்க. சனிக்கிழமை ராத்திரி 24 மணி நேர அறிவிப்பப் பாருங்க, அதுல வடக்கு தெற்கு கிழக்கு மேற்கு நடுப்பகுதின்னு பிரிச்சு, காலை மதியம் ராத்திரின்னும் போடுவாங்க. ஞாயிறு மதியம் 2 மணிக்கு மேல 2 மணி நேர அறிவிப்பு, அது பேட்டை பேட்டையா வரும், அரை மணிக்கு ஒரு தடவ மாத்துவாங்க. வீட்டவிட்டுக் கிளம்பறப்ப மழை ரேடார், அது அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு. குரூப்ல வர்ற படத்துல மொதல்ல தேதியும் நேரமும் பாருங்க, ஒரு மணி நேரப் பழைய ரேடார் படமே எதுக்கும் ஆகாது.

தெம்பனிஸ்_அங்கிள்:
அட போப்பா, தினமும் இடியோட மழைன்னு எழுதி வச்சா பாதி நாள் தானா பலிக்கும், இதுக்கு ஒரு ஆபீசா லா.

மேகவேடிக்கை:
அங்கிள் நீங்க சொன்ன பாதி நாள் கணக்கு கிட்டத்தட்ட கரெக்ட்தான் 😄 1991ல இருந்து 2020 வரைக்கும் எடுத்த சராசரியில வருஷத்துக்கு 171 நாள் மழை, 2113 மில்லிமீட்டர் கிட்ட. ஆனா எந்த 171ங்கிறதுதான் விஷயம். அதுக்குத்தான் இங்க உள்ள ஆய்வகமும் பிரிட்டன் வானிலைத் துறையும் சேந்து சிங்வின்னு வானிலை கணிக்கிற கம்ப்யூட்டர் மாடல் ஒண்ணு செஞ்சாங்க, ஒன்றரை கிலோமீட்டர் கட்டம் கட்டமா பாக்கும். ஒவ்வொரு மாசமும் 1, 16 தேதிவாக்குல ரெண்டு வாரக் கணிப்பு வேற விடறாங்க, அதுல மழை சராசரிய விட கூடுமா குறையுமா, வெயில் 34 டிகிரி தாண்டுமான்னு இருக்கும், பர்த்டேக்கு ஆகாது.

தெம்பனிஸ்_அங்கிள்:
வெயில் மட்டும் உண்மையாவே ஏறிருச்சு தம்பி, அந்தக் காலத்துல கம்போங்ல (கிராமத்துல) இருந்தப்ப ஃபேன் கூட கிடையாது.

மேகவேடிக்கை:
2023 மே 13ல அங் மோ கியோல 37 டிகிரி அடிச்சுச்சே, அது 1983ல தெங்காவுல பதிவானதுக்குச் சமம்தான், ஒரே ஒரு நாள வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது அங்கிள். பத்துப் பத்து வருஷச் சராசரி ஏறிட்டே போகுதே, அதான் கணக்கு. மார்ச் 23 உலக வானிலை நாளையொட்டி வருஷா வருஷம் அறிக்கை வரும், படிச்சுப் பாருங்க.

சைட்_சேஃப்டி_குமார்:
மழைய விட மின்னல்தான் பிரச்சனை. மழை இங்க வர்றதுக்கு முன்னாடியே இடி விழும், நான் வேல பாக்குற கட்டுமான சைட்ல மின்னல் அலர்ட் வந்தா கிரேன்ல இருந்து எல்லாரையும் கீழ இறக்கிருவோம், வானம் பளிச்சுனு இருந்தாலும் சரி. வெயிலுக்கும் 2023ல இருந்து வெப்ப அழுத்த ஆலோசனை வருது, வெறும் டிகிரி கிடையாது, ஈரப்பதம் காத்து வெயில் எல்லாம் சேத்த அளவு, 31க்குக் கீழ குறைவு, 33ல இருந்து அதிகம். எங்களுக்கு அது 33 தொட்டாலே வெளிய கஷ்டமான வேல பாக்கறவனுக்கு மணிக்கு 15 நிமிஷம் ரெஸ்ட் குடுத்தாகணும். கரி அடுப்புக்கு முன்னாடி நிக்கப்போறவர்கிட்ட அதையும் சொல்லிருங்க.

பாசிர்ரிஸ்_மலர்:
அப்ப காலையில 8 மணிக்கு மாத்திட்டா தொல்ல இல்லையா?

மேகவேடிக்கை:
ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் சுமத்ரா சூறை, அதான் சுமத்ரா பக்கம் இருந்து வர்ற இடி மழைக் காத்து, வர்ற நேரமே விடியக்காலையும் காலையும்தான். மேற்குக் கோடியில துவாஸ் பக்கம் மொதல்ல அடிச்சு அப்படியே கிழக்க வரும், காத்து 40ல இருந்து 80 கிலோமீட்டர் வேகம், பந்தல் எல்லாம் நிக்காது. நல்லது என்னன்னா அது நீளமா கோடு மாதிரி ரேடார்ல தெரிஞ்சிரும், மலாக்கா நீரிணை மேல இருக்கறப்பவே கண்டுபிடிச்சிடலாம். 4 மணியே இருக்கட்டும், கேக் வெட்டறத மட்டும் 6 மணிக்கு மேல வச்சுக்கங்க, பல நாள் மதிய மழை அதுக்குள்ள ஓஞ்சிரும்.

சைட்_சேஃப்டி_குமார்:
இடி கேட்டுச்சுன்னா மரத்தடி, டென்ட், குடை எதுவும் வேணாம். கார்ல ஏறி உக்காருங்க, இல்ல கட்டடத்துக்குள்ள போயிருங்க. மாமியார மொதல்ல ஏத்துங்க.

பாசிர்ரிஸ்_மலர்:
ஹாஹா சரி அண்ணே. பிட் கேன்சல் பண்ணல, சனிக்கிழமை ராத்திரி கிழக்குப் பகுதிக்கு என்ன போடறாங்கன்னு பாத்துட்டு கோழிய ஊற வைக்கிறேன்.