சனிக்கிழமை ராத்திரி தேடினேன், ஆராதனை நேரம் கிடைக்கவில்லை. சபை இணையதளம் யாருக்காக?

நாசரேத்துக்காரன் | ஞாயிறு, பகல் 11.40
வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று ராத்திரி, பக்கத்தில் இருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களின் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதலாவதில் அடிக்கல் நாட்டிய வரலாறு, இதுவரை ஊழியம் செய்த ஐயர்மார் (சபைக் குருமார்) பட்டியல், பேராயர் செய்தி, கட்டட நிதிக்கு வங்கிக் கணக்கு எண். ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு என்பது மட்டும் இல்லை. இரண்டாவதில் நேரம் இருந்தது, 2019 கிறிஸ்துமஸ் நேரம். மூன்றாவதில் ‘காலை 8 மணி’ என்று போட்டிருந்தார்கள். நம்பிப் போனேன். அது ஆங்கில ஆராதனை. தமிழ் ஆராதனை 6 மணிக்கே தொடங்கி முடிந்துவிட்டதாம். கையில் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். யாருக்காக இந்தத் தளங்களை நடத்துகிறார்கள்?

ஓய்வுபெற்ற பொருளாளர்
தம்பி, ஊரை விட்டு வருகிறவர் ஊர் ஐயரிடம் மாறுதல் கடிதம் வாங்கிக்கொண்டு வந்து, இங்கே ஆயரைப் பார்ப்பதுதான் வழக்கம். சபை அலுவலகம் எதற்கு இருக்கிறது? நான் பல வருஷம் பொருளாளராக இருந்தவன். புதிதாகச் சேர்ந்த குடும்பங்களைக் கேட்டால், வீட்டுக்காரர் சொன்னார், கூட வேலை செய்கிறவர் கூட்டி வந்தார், மணிச் சத்தம் கேட்டு வந்தோம் என்பார்கள். இணையதளம் பார்த்து வந்தேன் என்று ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை. அதற்குப் போய்ச் செலவு செய்யச் சொன்னால் கமிட்டி எப்படி ஒத்துக்கொள்ளும்?

நாசரேத்துக்காரன்
தளத்தைப் பார்த்துவிட்டு வராமல் போனவர்கள் உங்களிடம் வந்து எப்படிச் சொல்வார்கள் ஐயா?

ஒரு மருமகள்
நான் பிறந்தது சைவக் குடும்பம், கட்டிக்கொடுத்த இடம் கிறிஸ்தவக் குடும்பம். முதல்முறை போன அனுபவத்தைச் சொல்கிறேன். மாமியார் ஊர்க் கோயிலில் எல்லாரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போனார்கள். அதே பழக்கத்தில் சென்னையில் கழற்றினேன், இங்கே அத்தனை பேரும் செருப்போடு உள்ளே. ஊரில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தெரியாமல் கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்னால் இருந்த அம்மா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அதெல்லாம் சின்ன விஷயம். திருவிருந்து நேரம் வந்தது, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற சடங்கு. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள், நானும் போனேன். எல்லாரும் முழங்கால் போட்டார்கள், நானும் போட்டேன். ஐயர் அப்பத்தை நீட்டினார், பிரசாதம் மாதிரி என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மாமியார் திட்டவில்லை. ஆனால் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. ஞானஸ்நானம் வாங்காத நான் அதை வாங்கியிருக்கக் கூடாது என்று எனக்குப் புரியவே மூன்று நாள் ஆனது.

‘திருவிருந்து நேரத்தில் உங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.’ இந்த ஒரு வரி எங்கேயாவது எழுதியிருந்தால் போதும்.

ஓய்வுபெற்ற பொருளாளர்
வருத்தமாக இருக்கிறது அம்மா. ஆனால் அதை உங்கள் வீட்டுக்காரர் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

ஒரு மருமகள்
சொல்லியிருக்க வேண்டும்தான். அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. தொட்டில் காலத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தோன்றாது. உங்கள் தளத்தை எழுதுகிறவரும் என் வீட்டுக்காரர் மாதிரிதான் ஐயா.

கடற்கரைக் கத்தோலிக்கன்
அக்கா சொல்வது எங்கள் பக்கமும் உண்டு. திருவிருந்தை நாங்கள் நற்கருணை என்போம், கத்தோலிக்கப் பூசையில் அது பொதுவாகக் கத்தோலிக்கருக்கு மட்டும்தான். கல்யாணப் பூசைக்கு வரும் இந்து நண்பர்கள் வரிசையில் வந்துவிடுவார்கள். ஃபாதர் மைக்கில் சொல்வார், ஆனால் அவர் சொல்லும்போது பாதிப்பேர் வெளியே போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். வேளாங்கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வருகிற கூட்டத்தில் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் எத்தனை பேர்! எந்த மொழிப் பூசை எத்தனை மணிக்கு, எங்கே தங்குவது என்றெல்லாம் சொல்லாமல் அங்கே காலம் தள்ள முடியாது. சின்னப் பங்குக் கோயில்தான் ‘நமக்கு யார் புதிதாக வரப்போகிறார்கள்’ என்று இருந்துவிடுகிறது.

மணியடிக்கிறவன்
எங்கள் சபைத் தளத்தைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறவன் நான். உங்கள் ஆசையெல்லாம் சரி, என் பாட்டையும் கேளுங்கள். ஆயர் செல்போன் எண்ணைப் போட்டோம். அவர் படத்தை வைத்து யாரோ புது எண்ணிலிருந்து வாட்ஸப் கணக்கு திறந்து, சபை மக்களிடம் ‘அவசரமாகப் பணம் அனுப்புங்கள்’ என்று கேட்டுவிட்டார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் படத்தைப் போட்டோம், ஒரு தகப்பனார் வந்து சண்டை போட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ‘எல்லாரும் வாருங்கள்’ என்று பெரிய எழுத்தில் போடலாம் என்றால், அதை மட்டும் வெட்டி மதமாற்ற அழைப்பு என்று சுற்றில் விடுவார்களோ என்று கமிட்டி பயப்படுகிறது. எதையும் எழுதாமல் இருப்பதுதான் எங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கிறது.

கடற்கரைக் கத்தோலிக்கன்
தம்பி, ஆயர் சொந்த எண் வேண்டாம், அலுவலக எண் போதும். பிள்ளைகள் படமும் வேண்டாம். நேரம், மொழி, எந்த வாசல், வண்டி எங்கே நிறுத்துவது. இதை வெட்டி யார் என்ன செய்துவிட முடியும்?

மணியடிக்கிறவன்
நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது அண்ணே. லெந்து என்னும் தவக்காலத்தில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு விடியற்காலை 5 மணி, டிசம்பர் 31 ராத்திரி வேறு. தப்பான நேரம் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம். நாசரேத்துத் தம்பி 8 மணியை நம்பித்தானே ஏமாந்தார்?

நாசரேத்துக்காரன்
அங்கே 8 மணி தப்பில்லை அண்ணே, ‘ஆங்கிலம்’ என்ற ஒரு சொல்தான் இல்லை. ஒரு நேரத்தை மாற்ற ஐந்து நிமிஷம் ஆகுமா? கீழே ‘கடைசியாகத் திருத்திய நாள்’ என்று ஒன்று போட்டால் பழசா புதுசா என்று நாங்களே பார்த்துக்கொள்வோம். முக்கால்வாசிப் பேர் தளத்துக்கே வருவதில்லை, கூகுள் மேப்பில்தான் பார்க்கிறார்கள். அங்கே சபையின் பக்கத்தைக் காசில்லாமல் நம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். எடுக்காவிட்டாலும் போகிற வருகிறவர் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம். நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள்.

காதால் வாசிப்பவன்
எனக்குப் பார்வை கிடையாது. போனில் டாக்பேக் வாசித்துக் காட்டும். பெரும்பாலான சபைகள் வார அறிவிப்புத் தாளைப் போட்டோ எடுத்து அப்படியே ஏற்றிவிடுகின்றன. டாக்பேக் ‘படம்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். இன்னும் சில தளங்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பார்க்கிறவருக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எனக்கு அது வாயில் நுழையாத சத்தமாகக் கொட்டும். கண் தெரிந்தவர்கள் தமிழில் தட்டித் தேடினாலும் அந்தப் பக்கம் கிடைக்காது. எல்லாக் கருவியும் தமிழாகவே புரிந்துகொள்ளும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010லேயே தரமாக அறிவித்துவிட்டது. 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுத்த தரங்கம்பாடி மிஷன் வழியில் வந்தவர்கள், இன்று எழுத்தைப் படமாக்கிப் பூட்டி வைத்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற பொருளாளர்
தரங்கம்பாடியை இழுத்ததால் சொல்கிறேன். அந்த மிஷனைத் தொடங்கிய சீகன்பால்க் 1706ல் வந்து இறங்கியதும் அச்சு எந்திரத்தைத் தேடவில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். மனுஷன் முதலில், எந்திரம் பிறகு. இந்தத் தம்பி பாமாலையோடு வாசலில் நின்றாரே, அந்த வழியாகப் போனவர்களில் ஒருவர் ‘எந்த ஊர் தம்பி, சாப்பிட்டாயா’ என்று கேட்டிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. அந்தக் குறையை எந்த இணையதளம் தீர்க்கும்?

நாசரேத்துக்காரன்
அது உண்மைதான் ஐயா. யாரும் கேட்கவில்லை. ஆனால் சரியான நேரத்துக்கு வந்திருந்தால் உள்ளே போய் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவராவது கேட்டிருப்பார்.

ஒரு மருமகள்
என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கணவர்தான், அவரே சொல்லவில்லையே!

ஓய்வுபெற்ற பொருளாளர் | ஞாயிறு, இரவு 9.50
இவ்வளவு பேசுகிறோமே என்று எங்கள் சபைத் தளத்தை இப்போதுதான் பேத்தி போனில் திறந்து பார்த்தேன். ஞாயிறு 8.30 என்று இருக்கிறது. ஊரடங்கு முடிந்ததிலிருந்து நாங்கள் 7.30க்குத் தொடங்குகிறோம். திருவிருந்து முதல் ஞாயிறு என்றும் இல்லை. பொருளாளர் என்று இன்னும் என் பெயர்தான் இருக்கிறது. செயலருக்குப் போன் போட்டேன். பாஸ்வேர்டு, துபாய்க்குப் போன ஒரு வாலிபர் ஐக்கியத் தம்பியிடம் இருக்கிறதாம். மணியடிக்கிற தம்பி, இதை எப்படித் திரும்ப வாங்குவது என்று கொஞ்சம் சொல்லுங்கள்.

மணியடிக்கிறவன்
தளத்தின் பெயரை யார் மின்னஞ்சலில் பதிவு செய்தார்கள் என்று முதலில் அந்தத் தம்பியிடம் கேளுங்கள் ஐயா. அவர் சொந்த மின்னஞ்சலாக இருந்தால் அலுவலக மின்னஞ்சலுக்கு மாற்றச் சொல்லுங்கள். அவர் தூங்குவதற்குள் கேட்டுவிடுங்கள், துபாயில் இப்போது 8.20தான் ஆகிறது.